சி ரூசா சாலையில் ஒரு சந்தேகம்

அந்த மோட்டார் சைக்கிள் இன்னும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

ரோகினி கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தாள். மழைத்திரைக்கு நடுவே ஒற்றை விளக்கு... நீல நிற மழைக்கோட்டு... முகம் தெரியவில்லை. சி ரூசாவில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மூக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்பியபோதே அவன் ஒட்டிக்கொண்டான். அவள் வேகத்தைக் குறைத்தாள். அவனும் குறைத்தான். ஒரு லோரியை முந்தினாள். அவனும் முந்தினான்.

இடது பக்கம் கடல், மழையோடு கலந்து சாம்பலாய்க் கிடந்தது. அவளுடைய பழைய மோரிஸ் மைனரும் அதே சாம்பல் நிறம்தான். அவள் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சாலைக்கு வந்த கார். கொஞ்ச நாளாக ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் 'டொக்... டொக்...' என்று முனகியது. இன்றைக்கு அந்த முனகல் பலமாகவே இருந்தது. ஸ்டேரிங் வேறு தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுத்தது.

ஒரு பெட்ரோல் நிலையம் வந்தது. ஆள் நடமாட்டம் இருந்தது. சட்டென்று உள்ளே திருப்பி நிறுத்தினாள். மோட்டாரும் திரும்பியது.

பயந்தவள் போல் காட்டிக்கொள்ளக்கூடாது. நீளமான குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். விரிக்கவில்லை. கம்பைப் போலப் பிடித்துக்கொண்டாள்.

"யார் நீங்க? எதுக்கு என் பின்னாலேயே வர்றீங்க?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முப்பது வயது இருக்கும். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து மழைநீர் இமைகளில் சொட்டி நின்றது. கண்கள்... ரோகினிக்குக் கண்களைப் பார்ப்பதுதான் பிழைப்பு. சிரம்பானில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறாள். இப்படித் தேன் நிறத்தில், கேட்காமலேயே மன்னிப்புக் கேட்கிற கண்களைப் பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. உங்க காரு முன் வீலு ஆடுது லா... பின்னால இருந்து பார்த்தா நல்லா தெரியுது."

"தெரியும். பழைய ட்ரிக். வீலு ஆடுதுன்னு சொல்வீங்க. நான் குனிஞ்சு பார்ப்பேன். ஹேன்பேக் பறந்துடும்."

"அலாமாக்! ஹேன்பேக்கா?" அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "அந்தக் குடையைக் கொஞ்சம் கீழ இறக்குங்க மிஸ். எனக்கே பயமா இருக்கு."

"இறக்க மாட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லிட்டுக் கிளம்புங்க."

"கீழ ரப்பர் புஷ் போயிருக்கு. இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல வட்டமா ஒரு ரப்பர் இருக்கும். அது தேஞ்சு போனா இப்படித்தான் டொக்கு டொக்குன்னு அடிக்கும். மழையில வேகமா போகாதீங்க. பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுத்துடும்."

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நன்றி சொல்லலாமா என்று அவள் யோசித்த அதே நொடியில் அவன் காரின் பின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மிஸ்... பின் சீட்டு... அது பழைய சீட்டுதானா? மாத்திட்டீங்களா?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"இல்ல... சும்மா..."

"சும்மா யாராவது சீட்டைக் கேட்பாங்களா? போறீங்களா, இல்ல போலிசைக் கூப்பிடவா?"

அவன் போய்விட்டான். மழைக்குள் அந்தச் சிவப்பு விளக்கு சிறுத்து மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பழைய கார்களைத் திருடி விற்கிற கும்பல் இருப்பதாக எங்கோ படித்திருந்தாள். அதேதான்... சந்தேகமே இல்லை!

வீடு போய்ச் சேரும்வரை மெதுவாகவே ஓட்டினாள். அவன் சொன்னதற்காக இல்லை என்று தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

ரோகினி எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தான். அழகாகப் பேசுவான். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தெரிந்தது, ஜொகூரில் அவன் ஏற்கெனவே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறான் என்று. ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் அவள் காதில் இருந்தது. 'சொல்ல வாய் வரல, ரோகினி...' அன்றிலிருந்து எந்த ஆணின் கண்ணையும் அவள் இயந்திரத்தின் வழியாகத்தான் பார்ப்பாள்.

திங்கட்கிழமை அம்பாங்கானில் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டாள். போர்மேன் தர்மேந்திரன் காரைத் தூக்கி, ஒரு கம்பியை உள்ளே விட்டு அசைத்துக் காட்டினார். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை கடகடவென்று ஆடியது.

"புஷ்ஷெல்லாம் போச்சு தங்கச்சி. இந்தக் காருக்குச் சாமான் இங்க கிடைக்காது. நமக்கும் இப்ப கை நிறைய வேலை. ஹேமாகிட்ட சொல்றேன். செனாவாங்ல ரப்பர் சாமான் செய்யற கம்பெனியில வேலை. லீவு நாள்ல பழைய காருன்னா உயிரு. வீட்டுக்கே வந்து செஞ்சு கொடுத்துடும்."

ஹேமா! ரோகினிக்கு மனசு நிறைந்தது. கார் வேலை செய்கிற ஒரு பெண். நம்பலாம். பேசிப் பழகலாம். "கண்டிப்பா வரச் சொல்லுங்க அண்ணே" என்றாள்.

சாமான் இங்கிலாந்திலிருந்து வந்து சேரச் சில வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் மோட்டார் நின்றது. ஹேமாவுக்காகப் பணியாரம் சுட்டு வைத்திருந்த ரோகினி, துள்ளிக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தாள்.

ஹெல்மெட் கழன்றது. அதே தேன் நிறக் கண்கள்.

"நீங்களா! ஹேமா எங்க?"

"நான்தான்... ஹேமநாதன். எல்லாரும் ஹேமான்னுதான் கூப்பிடுவாங்க." அவன் அவள் கைகளைப் பார்த்தான். "நல்லவேளை, இன்னிக்குக் குடை இல்ல."

"அப்பச்சீ!" என்று கத்தினாள் ரோகினி.

அவள் அப்பா வைரவன் வெளியே வந்தார். சிரம்பானில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்தே எங்கே ஓட்டை என்று சொல்கிறவர். இவனையும் மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்ப்பது போலவே பார்த்தார். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அமைதியாகக் கையை நீட்டினார்.

"ஐசி காட்டுங்க தம்பி."

அவன் அடையாள அட்டையைக் கொடுத்தான். வைரவன் இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். "வேலையைப் பாருங்க. நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லி, முற்றத்து ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஊருக்குத் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த அவர் மனைவி இருந்திருந்தால் ஒரு வாய் காப்பியாவது கொடுத்திருப்பார். இவருக்கு அது தோன்றவே இல்லை.

ஹேமநாதன் காரை ஜாக்கியில் தூக்கினான். அடியில் இரும்புத் தாங்கிகளை வைத்தான். சக்கரத்தைக் கழற்றினான். ஒரு நட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. மூச்சைப் பிடித்து இழுத்தவன், அது சட்டென்று விட்டுக்கொடுத்ததும் பின்னால் மல்லாந்து விழுந்தான். ரோகினிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க மிஸ். அடக்கினா கண்ணு கலங்கும்."

"கண்ணைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

பழைய புஷ்ஷை அவன் வெளியே எடுத்து அவள் கையில் வைத்தான். கருகிப்போன பணியாரம் போல இருந்தது. நசுக்கியதும் உதிர்ந்தது.

"இத்தனை நாளா இது மேலயா ஓட்டிக்கிட்டு இருந்தேன்!"

"அன்னிக்கு மழையில அதுக்குத்தான் எனக்குப் பகீர்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா சாமானை ஆர்டர் போட்டேன்."

ரோகினியின் புருவம் உயர்ந்தது. "இருங்க... அது சனிக்கிழமை. நான் தர்மேந்திரன் அண்ணனைப் பார்த்தது திங்கக்கிழமை. நான் யாரு, எங்க இருக்கேன்னே தெரியாம எதுக்கு என் காருக்கு ஆர்டர் போட்டீங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். காதுமடல் சிவந்தது. "அது... பழைய மோரிஸ் வச்சிருக்கிறவங்க எப்படியும் தர்மேந்திரன் அண்ணன்கிட்டதான் வருவாங்கன்னு..."

"அவர்கிட்ட முன்னாடியே விசாரிச்சீங்களா?"

"...ம்."

"அவர்கிட்ட மட்டுமா?"

"சிரம்பான்ல ஒரு நாலஞ்சு ஒர்க்‌ஷாப்புல..."

நாற்காலியில் வைரவன் தொண்டையைச் செருமினார். ரோகினி அவனை உற்றுப் பார்த்தாள். என் காரைத் தேடி இவன் ஊரெல்லாம் அலைந்திருக்கிறான்! எதற்கு? காருக்காகவா... இல்லை எனக்காகவா? இரண்டாவது கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதை அவசரமாகத் துரத்திவிட்டாள்.

"கொஞ்சம் சோப்புத் தண்ணி வேணும்" என்றான் அவன் பேச்சை மாற்றி. "புது ரப்பர் லேசுல உள்ள போகாது. எண்ணெய் போட்டா உப்பிடும்."

பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அவன் கை கறுப்பாக இருந்ததால் அவளே புஷ்ஷை முக்கி எடுத்து நீட்டினாள். வழுக்கியது. அவன் பிடிக்கப் போக, அவள் பிடிக்கப் போக, அது இரண்டு கைகளுக்கும் நடுவில் துள்ளி முற்றத்துக் கால்வாயை நோக்கி உருண்டது. "பிடி, பிடி!" என்று இருவரும் பாய்ந்தார்கள். கால்வாய் ஓரத்தில் அவள் கையும் அவன் கையும் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்தன.

சோப்பு நுரைக்கு அடியில் அவன் விரல்கள் சூடாக இருந்தன. யாரும் உடனே கையை எடுக்கவில்லை...

"கிடைச்சுதா?" என்றது வைரவனின் குரல்.

இருவரும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டார்கள். புஷ் மறுபடி உருண்டது.

மதியத்துக்குள் ஒரு பக்கம் முடிந்தது. பேச்சும் இளகியிருந்தது. அவன் பேசும்போது நிறைய சிரித்தான். வேலை செய்யும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டான். அதை எதற்கு நான் கவனிக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு ரோகினி சாப்பாடு எடுக்க உள்ளே போனாள். வைரவனும் கைகழுவ எழுந்தார்.

தட்டோடு திரும்பி வந்தபோது காரின் பின் கதவு திறந்திருந்தது. ஹேமநாதன் வெளியே மண்டியிட்டிருந்தான். கையைச் சுத்தமாகத் துடைத்திருந்தான். அந்தக் கையைப் பின் சீட்டின் மேல் விரித்து வைத்திருந்தான். மறுகையில் கைப்பேசி. சீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். கண்கள் கலங்கியிருந்தன. அதை அவள் பார்த்தாள். ஆனால் கோபம் அதற்கு முன்னால் வந்து நின்றது.

"அன்னிக்கும் சீட்டைக் கேட்டீங்க. இன்னிக்குத் திருட்டுத்தனமா படம் எடுக்கிறீங்க. யாருக்கு அனுப்பறதுக்கு? காரை யாருக்குப் பேசி வச்சிருக்கீங்க?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லங்க..."

"அப்ப என்ன காரணம்? சொல்லுங்க. நம்பறேன்."

அவன் திரும்பினான். வைரவன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தான். முகமெல்லாம் சிவந்தது.

"காரணம் இருக்கு. ஆனா உங்ககிட்ட... சொல்ல வாய் வரல."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அதே வார்த்தைகள்.

"போயிடுங்க" என்றாள். "எனக்குக் கல்யாணத்துக்கு நிச்சயம் பண்ணின ஒருத்தன், ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருக்கிறதை மறைச்சுட்டு இதையேதான் சொன்னான். அவனும் நீங்களும் ஒன்னு. மறைக்கிறவங்க எல்லாரும் ஒன்னு. போயிடுங்க."

அவன் முகம் வாடிப்போனது. அவள் திருடன் என்று நினைத்ததற்குக்கூட அவன் முகம் இப்படி மாறவில்லை. கேட் வரை போனவன் திரும்பினான்.

"செஞ்ச பக்கத்துல நட்டெல்லாம் இன்னும் முழுசா இறுக்கல. கார் தரையில இறங்கி, அது எடை வீலுக்கு வந்தப்புறம்தான் கடைசியா இறுக்கணும். தூக்கி வச்சே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சுடும். வேற யாராவது வீலை மாட்டிக் கொடுத்தாலும் அதுவரைக்கும் ஓட்டாதீங்க. என் மேல இருக்கிற கோவத்துல ஓட்டிடாதீங்க, மிஸ்."

மோட்டார் சத்தம் தெருமுனையில் கரைந்தது. அவனுடைய கருவிப் பெட்டி முற்றத்திலேயே கிடந்தது.

அந்த வாரம் முழுவதும் கார் இரும்புத் தாங்கிகளின் மேல் ஒரு பக்கச் சக்கரம் இல்லாமல் நின்றது. காலையில் வேலைக்குப் போகும்போது அவள் அதைப் பார்க்காமல் போக முயன்றாள். கடையில் ஒருவருக்கு வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணைச் சோதித்தாள். எழுத்தைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு, பலகையின் விளக்கைப் போட மறந்தாள். படம் எடுத்தவன் கண் எதற்குக் கலங்கவேண்டும்? கார் திருடுகிறவன் எதற்கு நட்டைப் பற்றிக் கவலைப்படவேண்டும்?

மனம் கேட்டது. சந்தேகம் பதில் சொல்ல மறுத்தது.

சனிக்கிழமை, அப்பாவின் கைப்பேசியிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்து முகவரியை எடுத்துக்கொண்டாள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது... அவ்வளவுதான். வாடகைக் காரில் செனாவாங் போனாள். வேலை முடிந்து போகும் மோட்டார்கள் கூட்டமாகச் சாலையை நிறைத்திருந்தன. அந்தத் தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகள். வாசலில் ஒரு அம்மா செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஹேமநாதன் வீடு இதுதானா ஆன்ட்டி? இது அவரோட பெட்டி. எங்க பழைய மோரிஸ் காருக்கு வேலை செய்ய வந்தாரு..."

அந்த அம்மாவின் கையிலிருந்து தண்ணீர்க் குழாய் நழுவியது.

"எந்தக் காரு? சாம்பல் காரா? கிராணி ஐயா காரா?"

"எங்கப்பா ஒரு எஸ்டேட் கிராணிகிட்டதான் வாங்கினாங்க. ஏன் ஆன்ட்டி?"

"அடி என் கண்ணே!" ஹேமநாதனின் அம்மா ராக்கம்மா ஈரக்கையாலேயே அவள் கன்னத்தைப் பிடித்தார். "என் மகன் பொறந்த காரும்மா அது!"

ரோகினிக்கு ஒன்றும் புரியவில்லை. ராக்கம்மா அவளை உள்ளே உட்கார வைத்தார். கதை தானாகவே வந்தது.

அப்போது அவர்கள் எஸ்டேட்டில் இருந்தார்கள். கணவர் தங்கராஜு எஸ்டேட் லோரி ஓட்டுநர். ஒரு மழைநாளில் ராக்கம்மாவுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது. லோரி பாலத்துக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டது. எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி தன் காரின் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். தங்கராஜு போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

"பாதி ரோட்டுலயே இவன் அவசரப்பட்டுட்டான்மா. அந்த மனுசன் காரை ஓரமா நிறுத்திட்டுப் பின்னால வந்தாரு. கை நடுங்குது, அழுவுறாரு, சாமி பேரெல்லாம் சொல்றாரு. அவரே கையில வாங்கினாரு புள்ளய. சட்டையைக் கழட்டிச் சுத்தி, அந்தப் பின் சீட்டுல என் பக்கத்துல வச்சாரு. அப்புறம் மழையில மேல் சட்டை இல்லாம ஓட்டினாரு பாரு..."

சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று நிறுத்தினார்.

"இவனுக்கு நடை வர்றதுக்கு முன்னாடியே அவரு போயிட்டாரு. மரம் விழுந்து... அப்பனும் மகனும் ஒன்னா இருக்கிற போட்டோ ஒன்னுகூட இல்லம்மா. சின்னப் புள்ளையில இருந்து, அப்பா என்னை எங்க தூக்கினாரு, எப்படித் தூக்கினாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். நான் அந்தக் காரைத்தான் சொல்வேன். நம்பர் எனக்கு மனப்பாடம். அன்னிக்கு ரோட்டுல பார்த்தேன்மான்னு மழையில நனைஞ்சு ஓடி வந்து சொன்னான். போன வாரம் சீட்டோட படத்தைக் காட்டினான். அதே சீட்டு... நான் ஒரு நாழி அழுதேன்."

ரோகினி கருவிப் பெட்டியையே பார்த்தாள். மண்டியிட்டிருந்தவனின் விரிந்த கை கண்முன் வந்து நின்றது.

வெளியே மோட்டார் நின்றது. கம்பெனிச் சட்டையோடு உள்ளே வந்த ஹேமநாதன் அவளைக் கண்டதும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். ராக்கம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மைலோ கலக்குவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனார்.

"ஏன் சொல்லல?" என்றாள் ரோகினி.

"எப்படிங்க சொல்றது? பெட்ரோல் ஸ்டேஷன்ல குடையோட நிக்கிற பொண்ணுகிட்டப் போய், மிஸ், நான் உங்க பின் சீட்டுலதான் பொறந்தேன்னு சொல்லவா? உங்கப்பா முன்னாடி சொல்லவா? சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவள் யோசித்தாள். "நம்பியிருக்க மாட்டேன்."

"அதான்."

"அப்ப காருக்காகத்தான் வந்தீங்க. பேசினது, சிரிச்சது எல்லாம்..."

"காருக்காகத்தான் வந்தேன்." அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். நிமிரவே இல்லை. "திருடன்னு நினைச்சீங்க. பரவால்ல, நான் நடந்துக்கிட்டது அப்படி. ஆனா அந்த ஆளும் நானும் ஒன்னுன்னு சொன்னீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல. நாளைக்கு வந்து மிச்ச வேலையை முடிச்சுடறேன். அதோட உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

மன்னிப்பு அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. "வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். மைலோவைக் குடிக்காமல் வந்ததற்கு ராக்கம்மா வாசல்வரை வந்து கோபித்துக்கொண்டார்.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வைரவன் முழுவதையும் கேட்டார். பிறகு கைப்பேசியை எடுத்து, அந்த அடையாள அட்டைப் படத்தை அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் வந்தார்கள். ராக்கம்மா காரின் பின் கதவைத் திறந்து, சீட்டின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வைரவனே காப்பி கலந்து எடுத்து வந்து கொடுத்தார். "செட்டியாரே, காரை நல்லா வச்சிருக்கீங்க" என்றார் ராக்கம்மா. "உங்க மகன்தான் ஆச்சி நல்லா வைக்கிறாரு" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஹேமநாதன் மௌனமாக வேலை செய்தான். அடுத்த பக்கமும் முடிந்தது. பின் ஸ்பிரிங்கின் புஷ்களும் மாறின. ரோகினி கேட்காமலேயே ஸ்பானர் சாவிகளை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கண்ணைப் பார்க்கவில்லை. சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கினான். கார் பெருமூச்சு விட்டது போல் தன் எடையோடு தரையில் உட்கார்ந்தது. பழைய அட்டையை விரித்து, கடைசி நட்டுகளை இறுக்க அவன் அடியில் நுழைந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. முற்றத்துக் கூரையில் படபடவென்று கொட்டியது. பெரியவர்கள் இருவரும் சாரலுக்கு ஒதுங்கி வாசற்படிக்குப் போனார்கள்.

"வெளிச்சம் பத்தல" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

ரோகினி விளக்கை எடுத்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு சுரிதாரைப் பற்றிக் கவலைப்படாமல் மறுபக்கத்திலிருந்து தரையில் படுத்து, தலையை உள்ளே நீட்டினாள். இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே, ஒரு முழத் தூரத்தில் அவன் முகம். தேன் நிறக் கண்கள் திகைத்து அவளைப் பார்த்தன.

"உடுப்பெல்லாம் கெட்டுடும்..."

"கெடட்டும். நான் ஒன்னு சொல்லணும். ஓடிப் போக இடமில்லாத இடமாப் பார்த்துச் சொல்றேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்த ஆளோட உங்களைச் சேர்த்துப் பேசினது தப்பு. அவன் மறைச்சது ஏமாத்தறதுக்கு. நீங்க மறைச்சது கூச்சத்துல. எனக்கு வித்தியாசம் தெரியல. கண்ணைப் பார்க்கிற வேலை செஞ்சும்... தெரியல. மன்னிச்சுடுங்க."

அவன் கையிலிருந்த சாவி நட்டின் மேலேயே நின்றது.

"நானும் ஒன்னு மறைச்சேன்" என்றான் மெல்ல.

அவள் விளக்கைச் சற்று உயர்த்தினாள். "இன்னும் என்ன?"

"காருக்காகத்தான் வந்தேன்னு நேத்து சொன்னேன்ல... அது பாதிதான் உண்மை. பின் சீட்டைத் தேடி வந்தவன், முன் சீட்டுல இருந்து இறங்கினவங்களைப் பார்த்துட்டேன். அப்புறம் நாலஞ்சு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினது... காருக்கு மட்டும் இல்ல."

ரோகினி கண்ணிமைக்க மறந்தாள். சந்தேகம் பழக்கதோஷத்தில் ஒருமுறை தலையைத் தூக்கியது.

"நாளைக்கு அப்பச்சி இந்தக் காரை வித்துட்டா?"

"பஸ்ல வாங்க. பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்."

"நான் ரொம்பக் கேள்வி கேட்பேன். எங்க போனீங்க, யார்கூடப் பேசினீங்கன்னு... சட்டுன்னு நம்ப மாட்டேன். இன்னும் ரொம்ப நாளைக்கு..."

"கேளுங்க. வாய் வருதோ வரலையோ... சொல்லிடறேன்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கப் போனவள் கன்னமெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டாள். அவன் நட்டைக் கடைசியாக ஒருமுறை இறுக்கினான்.

"அங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? வேலை முடியலையா?" என்றார் வைரவன் வாசற்படியிலிருந்து.

ரோகினி காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தாள். எழுந்து நின்றாள். சுரிதாரில் மண், முகத்தில் கிரீஸ். அப்பாவையும், அவர் பக்கத்தில் நின்ற ராக்கம்மாவையும் பார்த்தாள். இனி தன் வாழ்க்கையில் எதுவும் ஒரு நிமிடம்கூட மறைந்து இருக்கக்கூடாது என்று தோன்றியது.

"வேலை முடிஞ்சுது அப்பச்சி" என்றாள். "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

காருக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம்... தலை இரும்பில் இடித்த சத்தம். ராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

வைரவன் மகளின் முகத்தையே பார்த்தார். இரண்டு வருடமாக யாரைப் பார்த்தாலும் சுருங்கியே இருந்த அந்தக் கண்கள் இன்று அகல விரிந்திருந்தன. மழை கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் குனிந்து, காருக்கு அடியில் தெரிந்த இரண்டு செருப்புக் கால்களைப் பார்த்துப் பேசினார்.

"ரோகினியோட ஆத்தா ஊர்ல இருந்து வரட்டும், உட்கார்ந்து பேசுவோம். அதுக்கு முன்னாடி... தம்பி, நீங்க வெளியில வாங்க. உங்க வாயால நான் கேட்கணும்."

ஹேமநாதன் வெளியே வந்தான். நெற்றியில் புடைப்பு, கையில் சாவி. வைரவனைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான், பிறகு ரோகினியைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்கு உங்க மகளை ரொம்பப் புடிச்சிருக்கு அங்கிள்" என்றான். மழைச் சத்தத்தில் யாருக்காவது கேட்காமல் போயிருக்குமோ என்று, இன்னொரு முறை உரக்கவும் சொன்னான்.